பவர் வாங்கப் போன இடம்

மே 29, 2025

தம்பி இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. வேதாரண்யம் பக்கம், செம்போடையாம். தேங்காய் லோடு எடுக்கப் போன லாரிக்காரர் பார்த்துப் பேசியிருக்கிறார். "நல்லாத்தான் இருக்காப்ல." கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

மே 31

அம்மா தை மாதம் போனாள். காரியம் முடிந்த கையோடு தோப்புப் பேச்சு வந்தது. மதுரை ரோடு நான்குவழி ஆன பிறகு நத்தத்தில் மரத்தை வைத்து யாரும் தோப்புக்கு விலை பேசுவதில்லை, சென்ட் கணக்குத்தான். கல்லாமை மாங்காய்க்கு இந்த வருஷம் பறிகூலிகூடக் கட்டவில்லை. வித்துத் தொலைத்துப் பிள்ளைகளுக்கு ஆகிறதைப் பார் என்கிறார் வீட்டுக்காரர். தம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பங்குனியில் ஒரு விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன்தான். போன் ஸ்விட்ச் ஆஃப்.

தம்பி பங்குக்கும் நானே கையெழுத்துப் போடும்படி, தரகர் பவர் பத்திரத்தை டைப் அடித்தே கொடுத்துவிட்டார். "வேதாரண்யத்துலயே ரிஜிஸ்டர் ஆபீஸ் இருக்கும்மா. அங்கனயே ரிஜிஸ்ட்ரார் முன்னால கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க."

ஜூன் 4

துவரங்குறிச்சி, திருச்சி, தஞ்சாவூர் என்று பஸ் மாறித் திருத்துறைப்பூண்டியில் ரயிலைப் பிடித்தேன். எதிரில் இருந்த உப்பள மேஸ்திரி இந்தப் பாதையின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். அகலப்பாதை வேலை நடந்த காலமெல்லாம் ரயிலே கிடையாது, 2023 ஏப்ரலில்தான் மறுபடி விட்டார்கள் என்றார். பிரதமர் சென்னையில் நடந்த விழாவில் தொடங்கி வைத்தாராம். எனக்கு அந்த விழா நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் மதுரை–நத்தம் பறக்கும் பாலம், 7.3 கிலோமீட்டர், அதே ஏப்ரல் 8ஆம் தேதி, அதே மேடையில்தான் திறந்தார்கள். தோப்புக்கு விலை வைத்த ரோடும், தம்பி ஓடிப் போன ஊருக்கு ரயிலும் ஒரே நாளில் வந்திருக்கின்றன. யாரிடம் சொல்லிச் சிரிக்க?

லாரிக்காரர் மூலம் சொல்லியனுப்பியிருந்தேன்; தம்பி ஸ்டேஷனில் நின்றான். கறுத்திருக்கிறான். "சாப்டியாக்கா?" அவ்வளவுதான்.

ஜூன் 5

இன்றைக்கே பேசிவிடலாம் என்றிருந்தேன். அவன் பைக்கோடு வந்து, "கோடியக்கரை பாத்துட்டு வந்துருவோம்" என்கிறான். என்னமோ நான் லீவுக்கு வந்தவள் மாதிரி.

அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம். அதைத் தாண்டினால் உப்புப் பாத்திகள். வாரிக் குவித்த உப்பு வெயிலில் கண்ணைக் கூச வைக்கிறது. அதற்கப்பால் மேற்கே முத்துப்பேட்டை காயல் வரைக்கும் சதுப்பு நிலம். தெற்கே கோடியக்காடு, பிறகு கடல்.

காட்டுக்குள் நல்ல புழுக்கம். பாலை மரங்கள் குட்டையாக, நெருக்கமாக நிற்கின்றன. புல்வெளியில் வெளிமான்கள் மேய்ந்தன. கலைமானின் முதுகு கறுப்பு, வயிறு சுண்ணாம்பு அடித்த வெள்ளை. முறுக்கிய கொம்பைத் தூக்கி எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மேய்ச்சலுக்குத் திரும்பிவிட்டது. கேட்பாரற்ற மட்டக்குதிரைகளும் திரிகின்றன. பூநாரை எங்கே என்றேன். "அது மழைக்கு மேலதான் வரும். நீ தப்பான மாசத்துல வந்துருக்க" என்றான். ராமர் பாதம்தான் இந்தக் காட்டிலேயே உயரமான இடமாம். கரந்தமலையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது வரப்பு.

சோழர் காலத்தது என்கிற கலங்கரை விளக்கத்தில் மிச்சம் இருந்ததை 2004 சுனாமி சாய்த்துவிட்டது. செங்கல் குவியலைக் காட்டி, "பூங்குழலி ஊருக்கா" என்றான். பொன்னியின் செல்வனை அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது குழகர் கோயில். சுந்தரர் இங்கே வந்து, கடலோரக் காட்டில் இப்படித் துணையில்லாமல் ஏன் இருக்கிறாய் என்று சாமியையே கேட்டுப் பதிகம் பாடியிருக்கிறார். குருக்கள் சொன்னபோது தம்பி செருப்பைத் தேடுவது போல வெளியே போய்விட்டான். பவர் பேப்பர் பையிலேயே இருந்தது.

ஜூன் 6

செம்போடையில் அவன் வேலை செய்யும் தோப்பு. இங்கேயும் மா உண்டு என்பது எனக்குத் தெரியாது. மணல் தரை, கடல் காற்று, அதில் பங்கனப்பள்ளியும் செந்தூராவும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் மாவையும் தென்னையையும் ஒன்றுபோலச் சாய்த்துப் போட்டிருக்கிறது. வேர் பிடிப்பு இருந்த அடிமரங்கள் மறுபடி துளிர்த்தன. ஆனால் ஒட்டுக்குக் கீழே முறிந்த மரத்தில் வருகிற துளிர் கொட்டைக்கன்றின் துளிர்தான். அது பங்கனப்பள்ளி காய்க்காது. அந்தக் கிளைகளில்தான் தம்பி மறுபடி ஒட்டுக் கட்டுகிறான்.

ஒன்று கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கிளையின் நுனியை வெட்டி நடுவில் பிளந்தான். குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவி, பட்டையோடு பட்டை சேருகிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து இறக்கினான். பிளாஸ்டிக் நாடாவைப் பல்லில் கடித்து இழுத்துச் சுற்றினான். அப்பாவும் பல்லில்தான் கடிப்பார்.

தோப்புக்கார அம்மா மோர் கொண்டுவந்தார்கள். "ஒங்க தம்பி கைராசிக்காரரும்மா." பிறகு, "ஒங்களுக்கும் தோப்பு இருக்காமே? மரமெல்லாம் நல்லாருக்கா?"

"இருக்கு" என்றேன்.

ராத்திரி லாட்ஜ் வாசலில் அவனாகவே கேட்டான், "பேப்பர் கொண்டாந்திருக்கியாக்கா?" கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். "சரி" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அது எந்த சரி?

ஜூன் 7

சனிக்கிழமை, ரிஜிஸ்டர் ஆபீஸ் கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஜூன் 11

தரகர் கத்தினார். வீட்டுக்காரர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 23

சாயங்காலம் தோப்புக்குப் போனேன். வேலியோரம் ஒரு மரம் இரண்டு மாதிரிக் காய்க்கும். சின்னப் பிள்ளையிலிருந்து பார்க்கிறேன், ஏன் என்று யோசித்ததில்லை. குனிந்து அடியைப் பார்த்தேன். ஒட்டுக்குக் கீழே இருந்து கிளம்பிய கிளை மரத்தளவு தடித்திருக்கிறது. அப்பா வெட்டாமல் விட்டிருக்கிறார். அதன் காய் ஊறுகாய்க்கு நன்றாக இருக்கும் என்பாள் அம்மா.

ஜூலை 2

பத்திரத்தை ஆவணிக்குத் தள்ளிப் போட்டாச்சு. ஆடியில் யாரும் பதிய மாட்டார்கள் என்று சொல்லித் தரகரைச் சமாளித்தேன். வாங்குகிறவர்கள் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்களோ என்னவோ. தம்பி போன் போட்டான். 24ஆம் தேதி ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரைக் கடலில் அம்மாவுக்குத் திதி கொடுக்கிறானாம், வருகிறாயா என்றான். பேப்பரைக் கொண்டு வரவா என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் சிக்னல் போய்விட்டது.