அடிமரம் இல்லாத ஆலமரம்

நாங்க குப்பை கொட்டுற கிடர்பூருக்கு, ஹூக்ளி ஆற்றின் அக்கரையில் ஷிப்பூர் தாவரவியல் தோட்டம். அங்கே 250 வயசு தாண்டின ஆலமரம் ஒண்ணு இருக்கு. பூஞ்சை அரிச்சு 1925-லேயே நடு அடிமரத்தை எடுத்துட்டாங்க. மரம் சாகலை. ஆயிரக்கணக்கான விழுதுகள்ல நின்னு இன்னும் பரவுது!

பதினொண்ணாவது படிக்கிற என் பொண்ணுக்குச் செல் பிரிதல் புரிஞ்சது அங்கேதான். ஆலமரத்துச் செல்லுல 26 குரோமோசோம். மைட்டோசிஸ்ல அதெல்லாம் படியெடுத்துட்டுப் பிரியும். ரெண்டு புதுச் செல்லுக்கும் அதே 26. அதனால விழுதும் தாய்மரமேதான்.

கீழே கிடந்த பழத்தைப் பிட்டுக் காட்டினேன். ஆலுக்குப் பூ உள்ளேதான். மகரந்தமும் முட்டையும் உருவாக மியோசிஸ் வேணும். நான் படிச்ச தமிழ்ப் புத்தகத்துல 'குன்றல் பகுப்பு'. (என்ன அழகான பேர்!) ஜோடிகள் துண்டு மாத்திக்கிட்டுப் பிரிஞ்சு, 13 ஆகிடும். குட்டிக் குளவி கொண்டு வர்ற வேற மரத்து 13 சேர்ந்தா மறுபடி 26. ஆனா அது புது மரம்.

"அப்ப நான் தாத்தா மாதிரி எவ்வளவு?"ன்னா. அவ பிறக்கறதுக்கு முந்தின வருஷமே அப்பா போயிட்டார்.

"சராசரியா கால்வாசி."

"எந்தக் கால்வாசி?"

"தெரியாது. சீட்டுக் குலுக்கற மாதிரிதான் விழும்."

போட்டோவில் தாத்தாவின் மூக்கைப் பெரிசாக்கிப் பார்த்துக்கிட்டே வந்தா.