மாயப் புல்லாங்குழலும் ஒரு மகளின் கண்ணீரும்

இசைக்கு மொழி இல்லை என்பர் பெரியோர். ஆயினும், கேட்பவர் நெஞ்சில் கதை வேரூன்ற வேண்டுமாயின் அஃது அவரவர் மொழியில் ஒலித்தல் நன்று. இத்தாலிய மொழி ஓப்பராக்கள் புகழுடன் விளங்கிய காலத்தில், வியன்னாவின் புறநகர் அரங்கம் ஒன்றிற்காக ஜெர்மன் மொழியில் மொசார்ட் இசையமைத்த ஓப்பராவே ‘மாயப் புல்லாங்குழல்’. அது 1791 செப்டம்பர் 30 அன்று அரங்கேறியது. அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று, தமது 35ஆம் வயதில், மொசார்ட் மறைந்தார்.

அந்த ஓப்பராவைத் தம் நாட்டு மக்களுக்காக சுவீடிஷ் மொழியில் படமாக்கினார் இங்மார் பெர்க்மன். 12 வயதில் அதைக் கண்டு மயங்கி, தம் பொம்மை நாடக மேடையில் நடத்திப் பார்க்க ஆசைப்பட்டவர் அவர். இசைத்தட்டுகள் வாங்கப் பணமில்லாமையால் அந்த ஆசை அன்று நிறைவேறவில்லை. வளர்ந்தபின், 1766இல் கட்டப்பட்ட டிராட்னிங்ஹோம் அரண்மனை அரங்கில் படமெடுக்க விரும்பினார். பழைமையான அவ்வரங்கம் படப்பிடிப்புக் கருவிகளைத் தாங்காது என்பதால், அதன் மேடையைப் போன்றதொரு மேடையைப் படநிலையத்திலேயே அமைத்தார். பாடல்களை முன்னரே பதிவு செய்துகொண்டு, பாடியவர்களையே நடிக்கவும் வைத்தார்.

1975 ஜனவரி முதல் நாள் இப்படம் சுவீடன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. திரையரங்குகளுக்குச் சென்றது அதன் பிறகுதான். எனவே, பெர்க்மனின் நூற்றாண்டாகிய 2018இல், அவருடைய 39 படங்கள் அடங்கிய புளூ-ரே தொகுப்பில் இதுவும் புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தபோது, வீட்டுக்கென்று பிறந்த படம் மீண்டும் வீட்டுக்கே வந்தது எனலாம். பழைய படச்சுருளைப் புதுப்பித்தல் என்பது புதிதாக எதையும் சேர்ப்பதன்று. தூசியையும் கீறலையும் நீக்கி, மங்கிய வண்ணத்தைத் தெளிவித்து, முன்பு இருந்ததை நமக்குத் திருப்பித் தருவதே அது.

அவ்வாறு திரும்பக் கிடைத்தவற்றுள் முதன்மையானவை முகங்கள். தொடக்க இசை ஒலிக்கும்போது நாம் காண்பது மேடையை அன்று, கேட்போரின் முகங்களை! முதியோர், இளைஞர், பல இனத்தார் எனப் பலர் வந்துபோக, ஒரு சிறுமியின் முகம் மட்டும் மீண்டும் மீண்டும் வருகிறது. இசைக்கேற்ப அவள் கண்கள் மலர்வதைக் கண்டதும், எங்களையும் யாரோ அவள் அருகில் அமர்த்தியது போல் இருந்தது. இடைவேளையில் தமீனோவும் பமீனாவும் சதுரங்கம் ஆடுவதும், இரவின் அரசி புகை பிடிப்பதும் எங்களைச் சிரிக்க வைத்தன.

ஆனால், அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. மூல நாடகத்தில் சராஸ்திரோ ஒரு ஞானி, இரவின் அரசிக்குப் பகைவன், அவ்வளவே. பெர்க்மனோ அவரைப் பமீனாவின் தந்தையாகவே ஆக்கிவிட்டார். அந்த ஒரு மாற்றத்தால் மாயக்கதை ஒரு வீட்டின் கதையாயிற்று! தந்தை மகளைத் தாயிடமிருந்து பிரித்துச் செல்கிறார். தாயோ மகளின் கையில் குத்துவாளைக் கொடுத்துத் தந்தையைக் கொன்று வா, இல்லையேல் நீ என் மகளே அல்ல என்கிறாள்.

அந்த இடத்தை நாங்கள் இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தோம். மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்ற நான்காம் கட்டளை பெற்றோரைப் போற்றச் சொல்கிறது. ஐந்தாம் கட்டளையோ கொலையை விலக்குகிறது. தாய்க்குக் கீழ்ப்படிந்தால் தந்தை இறப்பார். மறுத்தால் தாயை இழக்க வேண்டும். பெற்றோரின் பூசலுக்கு நடுவே நிற்கும் பிள்ளைகள் எல்லா ஊர்களிலும் உண்டு. அவர்கள் கையில் வாள் இல்லாதிருக்கலாம், “நீ யார் பக்கம்?” என்ற கேள்வி இருக்கிறதே, அதுவும் வாள்தானே!

பமீனா அந்த வாளால் யாரையும் குத்தவில்லை. துயரம் மிகுந்து அதைத் தன்மீதே திருப்பும் வேளையில், மூன்று சிறுவர்கள் ஓடிவந்து தடுத்து அவளைத் தேற்றுகிறார்கள். பெண்களின் சூழ்ச்சிக்கு அஞ்சுக என்று குருக்கள் எச்சரித்துப் பாடும் பாட்டு மூல நாடகத்தில் உண்டு. ஆயினும் நெருப்பையும் நீரையும் கடக்கும் சோதனையில், தமீனோவின் கையைப் பற்றி வழிநடத்துபவள் பமீனாவே! தாய் பக்கமா, தந்தை பக்கமா என்ற கேள்விக்கு அவள் சொல்லால் விடை கூறவில்லை, நடந்து காட்டினாள்.

ஒன்று மட்டும் எங்கள் மனத்தை உறுத்தியது. பழிவாங்குதலுக்கு எம் மாளிகையில் இடமில்லை என்று பாடுகிறார் சராஸ்திரோ. அப்படியிருந்தும் முடிவில் அரசி தோற்று இருளில் மறைகிறாள். அவளை அழைப்பார் ஒருவரும் இல்லை. ஒளி வென்றது என்று எல்லாரும் மகிழும்போது, அந்த மகளுக்குத் தாய் இல்லாமற் போனதை யார் நினைத்தார்கள்? மன்னிப்பு என்பது வென்றவர்கள் தமக்குள் பாடிக்கொள்ளும் பாட்டாக நின்றுவிடலாகாது என்றே எங்களுக்குத் தோன்றியது.

அன்புத் தோழியரே! மொழி புரியவில்லையே என்று தயங்காமல் இப்படத்தைப் பாருங்கள். இயலுமாயின் பெற்றோர் இருவரையும் அருகில் அமர்த்திக்கொண்டு பாருங்கள். குத்துவாள் வரும் கட்டத்தில் ஒருவரும் பேசமாட்டார்கள். அதன் பிறகு பேச வேண்டியவை பல இருக்கும்.