பேராதனையில் ஒரு கோமகன்

கண்டிக்கு அரச குடும்பம் என்று ஒன்று இல்லாமற்போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1815இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832இல் மறைந்தான். ஆகவே, கண்டியை வைத்துக்கொண்டு அரச குடும்பத்தவர் ஒருவரின் விளையாட்டு, இளைஞர் பணி பற்றி எழுதுவதென்றால், வென்றவர்களின் அரண்மனைப் பக்கமே போக வேண்டியிருக்கிறது.

1954 ஏப்ரல் 20ஆம் திகதி எலிசபெத் அரசியாருடன் எடின்பரோ கோமகன் பிலிப் பேராதனைக்கு வந்தார். பல்கலைக்கழகத்தை முறைப்படி திறந்து வைக்கும் விழா. மாணவர்களோ 1952 முதலே அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். திறந்து கிடப்பதை மறுபடி எப்படித் திறப்பது? வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்திருப்பதாக அறிவிக்கிறேன் என்று கோமகன் கூறினாராம். அந்த வேடிக்கைப் பேச்சைப் பேராதனையில் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

2021 ஏப்ரல் 9இல் தமது 99ஆவது வயதில் அவர் காலமானபோது வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை அரசியின் கணவரைப் பற்றியவை. எனக்கு அவருடைய நிர்வாக வாழ்க்கையே சுவையாகப் பட்டது. பிரிட்டனில் விளையாட்டுத் திடல்களைக் காக்கும் தேசிய சங்கத்துக்கு 1949 முதல் 2013 வரை, 64 ஆண்டுகள் தலைவர். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்துக்கு 1964 முதல் 1986 வரை தலைவர். அந்த நாற்காலியில் அடுத்து அமர்ந்தவர் அவர் மகள் ஆன். (குடும்பச் சொத்துப்போல என்று முணுமுணுக்கலாம். ஆனால் ஆன் 1971இல் ஐரோப்பிய வாகையர். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் போட்டியிட்டவர். நம்மூர் விளையாட்டுச் சங்கத் தலைவர்களில் எத்தனை பேருக்கு இது வாய்த்தது?) எம்.சி.சி. தலைவராக இரண்டு முறை இருந்தார். 1975இல், இலங்கையும் ஆடிய முதலாவது உலகக் கிண்ணத்தை லோர்ட்ஸில் கிளைவ் லொயிட்டின் கையில் கொடுத்தவர் அவரே.

எல்லாவற்றிலும் பெரியது 1956இல் அவர் பெயரால் தொடங்கிய இளைஞர் விருது. தம் ஆசிரியர் கேர்ட் ஹானின் சிந்தனையை எடுத்துக்கொண்டு, எவரெஸ்ட் பயணத்தின் தலைவர் ஜோன் ஹன்டை முதல் இயக்குநராக அமர்த்தினார். இளைஞர்களைத் திரட்டுவதென்றாலே ஹிட்லரின் இளைஞர் அணி நினைவுக்கு வந்த காலம். ஓர் அமைச்சரே அப்படிக் கேட்டதாகப் பின்னாளில் கோமகன் சொல்லியிருக்கிறார். வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகள். சேவை, திறன், உடற்பயிற்சி, துணிகரப் பயணம் ஆகிய நான்கும் வேண்டும். யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை. தன்னைத் தானே மிஞ்சினால் போதும். இலங்கை, இந்தியா உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்கிறது.

இதில் என்னை விடாமல் துரத்தும் ஒரு சேதி உண்டு. பிலிப் கோர்ஃபு தீவில் பிறந்தவர். 1922இல் கிரேக்கத்திலிருந்து குடும்பம் துரத்தப்பட்டபோது, கைக்குழந்தையான அவரை ஆரஞ்சுப் பெட்டியில் கிடத்தி எடுத்துச் சென்றார்கள். ஏதிலியாய் வளர்ந்த அவருக்கு 1947இல் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு, 1948இல், இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1954இல் கோமகன் பேராதனைக்கு வந்தபோது, சுற்றியிருந்த மலைகளில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வாக்கில்லை. அவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு திறந்திருந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. கணக்கு ஒருவாறு தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் 1964 ஒப்பந்தத்தின்படி எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறிவிட்டன.

கோமகனை இதற்காகக் குற்றஞ்சொல்வது நியாயமன்று. சட்டம் அவருடையதல்ல, இலங்கை நாடாளுமன்றம் இயற்றியது. ஆனால் இளைஞர் பணியின் வரலாற்றை எழுதுகிறவர்கள், திடலைச் சுற்றிய வேலிக்கு வெளியே நின்றவர்களையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கண்டிக்கு மேலேயுள்ள தோட்டப் பாடசாலையொன்றின் ஆசிரியை ஒருவரிடம் இந்த விருதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். துணிகரப் பயணம் என்றால் என்ன என்று கேட்டார். குழுவாக நடந்து, கூடாரத்தில் தங்கி, தாமே சமைத்து உண்ண வேண்டும். வெண்கலத்துக்கு இரண்டு நாள், தங்கத்துக்கு நான்கு நாள் என்று விளக்கினேன்.

"எங்க பிள்ளைகள் தினமும் லயத்திலிருந்து மலையேறித்தானே பாடசாலைக்கு வருகிறார்கள். அது கணக்கில் சேருமா, ஐயா?"

சேராது, பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத இடமாக இருக்க வேண்டும் என்றேன்.

அவர் சற்று யோசித்துவிட்டுச் சிரித்தார். "அப்படியென்றால் பேராதனைக் கெம்பஸுக்கே கூட்டிக்கொண்டு போகலாமே, ஐயா."