மழித்த தலையும் மறவாத நெஞ்சும்

பகைவனைக் காதலித்தாள், அவள் செய்த குற்றம் அதுதான்! பிரான்சு நாட்டிலே, லுவார் ஆற்றங்கரையிலே, நெவேர் எனும் ஊர். மருந்துக் கடைக்காரரின் மகள், வயது 18. நாட்டைப் பிடித்து ஆண்ட ஜெர்மன் படையிலே ஒரு வீரன், 23 வயது இளைஞன், அவள் உள்ளத்திலே குடிபுகுந்தான். ஊர் விடுதலை பெறும் வேளையில் எங்கிருந்தோ பாய்ந்த குண்டு அவனை வீழ்த்தியது. உடல் குளிர்ந்து விறைக்கும் வரையில் அதன்மீதே கிடந்தாள் அந்தப் பேதை. மாதா கோயில் மணிகள் விடுதலையை முழங்கின. ஊரார் கூடினர், கத்தரிக்கோலை எடுத்தனர், அவள் கூந்தலை வெட்டி எறிந்து தலையை மழித்தனர். பெற்றோரோ, மானம் போயிற்றென்று மகளை நிலவறையில் அடைத்தனர்.

1959ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹிரோஷிமா மோன் அமூர்' எனும் பிரெஞ்சுப் படத்திலே நாம் காணும் காட்சிகள் இவை. 'ஹிரோஷிமா, என் காதலே' என்று பொருள். எழுதியவர் மார்கெரித் துராஸ் அம்மையார். இயக்கியவர் அலென் ரெனே. நாஜிகளின் வதைமுகாம்களைப் பற்றி 'இரவும் மூடுபனியும்' எனும் படம் தந்தவரல்லவா, அணுகுண்டைப் பற்றியும் ஒரு செய்திப்படம் வேண்டுமென்று அவரை அணுகினர். அவர் தந்ததோ காதற் கதை!

அமைதியை வலியுறுத்தும் படமொன்றில் நடிக்க ஹிரோஷிமாவுக்கு வருகிறாள் பிரெஞ்சு நடிகை ஒருத்தி. ஜப்பானியக் கட்டடக் கலைஞன் ஒருவனோடு காதல் கொள்கிறாள். இருவரும் மணமானவர்கள். அவள் மருத்துவமனையைக் கண்டேன், காட்சிச் சாலையைக் கண்டேன் என்கிறாள். அவனோ, நீ எதையும் கண்டாயில்லை என்று மறுக்கிறான். அவன் குடும்பம் அந்நகரிலே இருந்தது. அவன் போர்முனையிலே இருந்தான். அவன் மறுப்பதற்கு உரிமை உண்டு என்போம் நாம்.

விடியற்காலையில் அவன் உறங்குகிறான். கை சற்றே துடிக்கிறது. நோக்கி நிற்கிறாள் அவள். ஒரு நொடி, ஒரே நொடி, வேறொரு கை திரையிலே தோன்றி மறைகிறது. நெவேரில் மாண்டவனின் கை! 14 ஆண்டுகள் புதைத்து வைத்த நினைவு, ஒரு விரலின் அசைவிலே எழுந்து நிற்கிறது. கணவனுக்கும் சொல்லாத கதையை, அன்றிரவு தேநீர் விடுதியிலே இந்த அயலானிடம் சொல்கிறாள். சொல்லச் சொல்ல, மாண்டவனை மறந்து வருகிறோமே என்ற அச்சம் அவளை வாட்டுகிறது. அவளாக நடித்த எம்மானுவேல் ரீவாவின் முகத்திலே அந்த அச்சத்தை நாம் கண்டோம், வசனம் தேவைப்படவில்லை.

குறையும் உண்டு. 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் வீழ்ந்த குண்டினால், அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர். படத்தின் தொடக்கத்திலே நம் நெஞ்சைப் பிளக்கும் அந்த மக்கள், பின்னர் ஓரத்திற்கு ஒதுங்கி விடுகின்றனர். ஜப்பானியன் கேட்கிறான், கேட்கிறான், கேட்டுக்கொண்டே இருக்கிறான்; அவன் கதையைக் கேட்பார் யார்?

ஆனால், நெவேர் பெண்ணின் கதை கற்பனை என்று ஒதுக்குவதற்கில்லை. விடுதலைக் காலத்தில் பகைவனுக்குத் துணை போனாள், பகைவனைத் தழுவினாள் என்று கூறி, பிரான்சிலே ஏறத்தாழ 20,000 பெண்களின் தலை மழிக்கப்பட்டதாக ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். நாட்டின் மானத்தைப் பெண்ணின் கூந்தலிலே முடிந்து வைத்த ஆடவர் உலகம், அந்த மானத்தை மீட்கவும் கூந்தலையே தேடிற்று! பகைவனுக்குப் படியளந்தவர், பட்டியல் எழுதியவர், கையொப்பமிட்டவர் தலைகள்?

மோரிஸ் பப்போன் என்றோர் அதிகாரி. போர்க்காலத்திலே போர்தோ நகரில் பதவியிலிருந்து, யூத மக்களைப் பிடித்து அனுப்பும் கொடுமைக்குத் துணை நின்றவர். 1958இல் அவர் பாரிசு மாநகரப் போலீசுத் தலைவர்! மறு ஆண்டு இந்தப் படம் பாரிசிலே திரையிடப்பட்டபோதும் அந்த நாற்காலியிலே அமர்ந்திருந்தவர் அவரே. அவர் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து 10 ஆண்டுச் சிறை விதித்தது 1998இல். அப்போது அவருக்கு வயது 87.

மழித்த தலையில் முடி வளர்ந்த பின், இரவோடிரவாக மிதிவண்டி ஏறிப் பாரிசுக்குப் போகிறாள் அந்தப் பெண். மகள் ஊரைவிட்டுப் போகட்டும் என்று பணம் கொடுத்து அனுப்புகிறாள் தாய். அவள் பாரிசு சேர்ந்த வேளையிலே, செய்தித்தாள்களிலெல்லாம் ஒரே பெயர்: ஹிரோஷிமா.