தப்பும் செவியும்

மலையகத் தோட்டங்களின் விடியலோடு தப்பொலி நெடுங்காலம் பிணைந்திருந்தது. டிக்கோயா முதலான இடங்களில் தொழிலாளரைத் துயிலெழுப்பிப் பெரட்டுக்கு அழைத்த ஒலி அது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் யாத்து, பின்னர் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழுருப் பெற்ற கவிதையிலும் அவ்வொலி கேட்கிறது. கோயில் திருவிழா, சாவீடு, மாசி மாதக் காமன் கூத்து ஆகியன தப்பின்றி நிறைவுறுவதில்லை.

டிக்கோயாவின் ஈரக் குளிரிலே தப்பின் தோல் விரைவில் தளர்ந்துவிடும். ஆதலால் கலைஞர் தீமூட்டி, அதனை இடையிடையே காய்ச்சித் தொனியை மீட்டுக்கொள்வர். கருவிக்கு இத்துணைப் பேணுகை உண்டு. அதனைத் தோளில் மாட்டி, மார்போடு அணைத்து, இரவெல்லாம் முழக்குபவரின் செவிக்கு என்ன பேணுகை உண்டு?

செவிக்குள்ளும் ஒரு பறை உண்டு. செவிப்பறை என்பதே அதன் பெயர். ஆயினும் பேரொலியால் பெரிதும் நலிவது அதற்கும் அப்பால், நத்தையோடு போலச் சுருண்ட உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர்க்கலங்களே. தளர்ந்த தோலைத் தீயிலே காய்ச்சி மீட்கலாம். அழிந்த மயிர்க்கலங்கள் மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மங்குவன உயர்தொனி ஒலிகள். தன் அடியின் கூர்மை தனக்கே கேளாத கலைஞர் மேலும் ஓங்கி அடிக்க முற்படலாம். அதனால் கேடு வளரும். கலையின் நுட்பமும் குன்றும்.

தொழிற்சுகாதாரத் துறையினர் கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். ஒலி 3 டெசிபெல் உயருந்தோறும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபெல் எனின் 15 நிமிடமே எல்லை. காமன் கூத்தோ விடியும்வரை நீள்வது.

இசைக்கலைஞரின் செவி சட்டத்தின் கவனத்தையும் பெற்றுள்ளது. இலண்டன் றோயல் ஒப்பெரா அரங்கில் 2012 இல் நிகழ்ந்த வாக்னர் இசைநாடக ஒத்திகையொன்றில், பித்தளை ஊதுகருவிகளின் முன்னே அமர்ந்திருந்த வயோலாக் கலைஞர் ஒருவரின் செவி பழுதுற்றது. 2018 இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2019 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அரங்கின் பொறுப்பை உறுதிசெய்தது. இசையே தொழிலாயினும், அத்தொழிலாளியின் செவியைக் காப்பது தொழில் கொடுப்போரின் கடமை என்பது அதனால் தெளிவாயிற்று. தப்புக் கலைஞருக்கு அத்தகைய தொழில் கொடுப்போர் இல்லை. சாதி இழிவு காரணமாக அவரைக் கலைஞர் என ஏற்கவே தயங்கியோர் பலர். கலைஞராக மதிக்கப்படாதவரின் செவியைப் பற்றி எவர் கவலை கொள்வர்?

காக்கும் வழிகள் அரியனவல்ல. பஞ்சு போதிய காப்பளிக்காது. எல்லாத் தொனிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிக்கும், இசைக்கலைஞருக்கென அமைந்த செவியடைப்பான்கள் உள்ளன. ஒலிபெருக்கிக்கு அருகே நிற்றலைத் தவிர்க்கலாம். திறந்த வெளியில் தொலைவு இருமடங்காயின் ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். முழக்குவோர் முறைமாறி நிற்கலாம். முழக்கம் ஓய்ந்த பின்னும் காதில் இரைச்சல் தொடருமாயின் அதனை எச்சரிக்கையாகக் கொண்டு செவிப்புலனைச் சோதிப்பித்தல் வேண்டும்.

தப்பினைக் காய்ச்சும் தீயைக் கூத்துக் களத்திலிருந்து சற்றுத் தொலைவில் மூட்டினால், தோல் இறுகும் நேரத்திலே செவியும் இளைப்பாறும். கூத்தினை ஒழுங்குசெய்வோர் இவ்வாண்டே அதனைச் செய்யலாம்.