போடி காய் எந்த மலைக் காய்?

சேக்காட்டில் எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் ஏலக்காய் கேட்டால், டப்பாவைத் திறப்பதற்குள்ளேயே கடைக்காரர் சொல்லிவிடுவார்: “போடி காய் சார், முதல் தரம்!” பாயசத்துக்கு இருபது ரூபாய்க்கு வாங்குகிறவனிடமும் ஊர் பேர் சொல்லி விற்கிறாரே என்று எனக்கு அவரைப் பிடிக்கும். ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊருக்கும் போடிநாயக்கனூருக்கும் இப்போது தண்டவாள உறவும் உண்டு. 2023 ஜூன் 15 முதல் சென்ட்ரலில் இருந்து போடிக்கு வாரம் மூன்று நாள் ரயில் ஓடுகிறது. காட்பாடி வழியாகப் போவதால் ராத்திரி எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் நிற்காது. கிழக்கே சென்ட்ரல் வரை போய் ஏறி, வந்த வழியே திரும்பி, நம் தெரு விளக்கு தெரிகிறதா என்று ஜன்னலில் பார்த்துக்கொண்டே காயின் ஊரைத் தேடிப் புறப்பட்டேன்.

போடியில் முதலில் விசாரித்த ஆளே சிரித்துவிட்டார். “இங்க ஏது ஏலச்செடி? வெயிலுதான் வெளையும்.”

ஏலச்செடிக்குக் கடல் மட்டத்திலிருந்து 600 முதல் 1200 மீட்டர் உயரம் வேண்டும். நல்ல மழையும் தலைக்கு மேல் மர நிழலும் வேண்டும். போடி மலையடிவாரத்து ஊர். காய் பெரும்பாலும் விளைவது மேலே, கேரளத்து இடுக்கி மாவட்டத்தில்: வண்டன்மேடு, உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை. போடியில் நடப்பது தரம் பிரிப்பும் வியாபாரமும். ஸ்பைசஸ் போர்டின் ஏல மையம் இங்கே ஒன்று, மலை மேல் புற்றடியில் ஒன்று. 2007-இல் மின்னணு ஏலம் வந்தபிறகு கூவிக் கேட்பது போய்விட்டது. சாம்பிள் காயை விரலில் உருட்டி, பிளந்து, விதை கறுத்திருக்கிறதா என்று பார்த்து, திரையில் விலையை ஏற்றுகிறார்கள்.

‘ஏலக்காய் ஏலம்’ என்ற பலகையைப் பார்க்கிற யாருக்கும் இரண்டும் ஒரே சொல்தானோ என்று தோன்றும். இல்லை. செடியின் பெயரான ஏலம் பழைய திராவிடச் சொல். விற்பனை ஏலம் கப்பலேறி வந்தது. போர்த்துகீசியரின் ‘லெய்லாவ்’ என்ற சொல், லகரத்தில் சொல் தொடங்காத தமிழில் தலையெழுத்தை உதிர்த்துவிட்டு ஏலமாகி நின்றது. போடி வியாபாரிகளுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. அவர்களுக்குச் செடி ‘காய்’, விலை ‘ரேட்டு’, அவ்வளவுதான்.

விடிவதற்கு முன்பே போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப்புகள் நிரம்பிவிடுகின்றன. உள்ளே பெரும்பாலும் பெண்கள், மடியில் தூக்குவாளி. போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். சாயந்திரம் அதே வழியில் இறக்கம். ஏற்கெனவே மலை முகட்டோடு போன எல்லைதான் 1956-இல் மாநில எல்லையாகவும் நின்றது; தோட்டங்கள் ஒரு பக்கம், காய் எடுக்கும் கைகள் மறு பக்கம். வேலைக்கு எல்லை தாண்டுவதே வாழ்க்கையாகிவிட்டது.

ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் செடியில் காய் உச்சியில் இருக்காது. அடித்தூரில் கிளம்பித் தரையில் படரும் சரத்தில்தான் காய்க்கும். அதனால் நாள் முழுக்கக் குனிந்தோ, குத்தவைத்து நகர்ந்தோதான் எடுக்க வேண்டும். பழுத்தால் ‘ஸ்டோர்’ என்கிற உலர்த்தும் கூடத்தில் வெடித்துவிடும், பிஞ்சாக எடுத்தால் சுருங்கிவிடும். முற்றியதை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். ஒரே செடிக்கு ஒன்றரை மாதத்துக்குள் மறுபடி வர வேண்டும். ஆகஸ்டில் தொடங்கி பிப்ரவரி வரை இதுதான் வேலை. காலில் அட்டை, தலையில் மழை. எடுத்த காய் அன்றே ஸ்டோருக்குப் போகும். விறகுச் சூட்டில் ஏறத்தாழ ஒரு நாள் உலர்ந்தபின், ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாக இளைத்து வெளியே வரும்.

“எம் மக நர்சிங் படிக்குறா. அவ இந்த ஜீப்புல ஏற மாட்டா” என்றார் பூப்பாறை ஓரம் காய் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா. அவருக்குப் பின்னால் இரண்டு வரிசை தள்ளி இந்திப் பேச்சு கேட்டது. ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் இப்போது தோட்டத்து லயங்களிலேயே தங்கிவிடுகிறார்கள்.

தோட்டக்காரர் நிலைமை? 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் செடிகள் அழுகின. அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. வரத்து குறைந்து, 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலையை நம்பி ஆளாளுக்குச் செடி வைத்தார்கள். 2022-இல் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்தில் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ‘ஞள்ளானி’ ரகம் மகசூலைப் பல மடங்காக்கியது உண்மை. மருந்தடிப்பும் கூடவே ஏறியது. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிமருந்து மிச்சம் இருந்ததாகச் சொல்லி, ஆறரை லட்சம் டின்னுக்கும் மேல் விற்பனையைக் கேரள உயர்நீதிமன்றம் நிறுத்தியது. பின்னால் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதற்குள் பாயசத்தின் காலம் முடிந்துவிட்டது. அரபு நாட்டுக் காப்பிக்கோ, எந்தக் காலத்திலும் ஏலம் விளையாதிருந்த குவாத்தமாலா இன்று அதிகம் அனுப்புகிறது. நூறு வருஷத்துக்கு முன் ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் அங்கே கொண்டுபோய் வைத்த செடி. அங்கே மழை கெட்டால் போடியில் ரேட்டு ஏறும்.

தோட்டங்களுக்கு முன்னால் யார் கையில் இருந்தது ஏலம்? இந்தக் கேள்வி என்னை முதுவர் என்ற மலைக்குடியினரிடம் கொண்டுபோனது. அன்று ஏலம் காட்டுப் பொருள். பெரிய மரம் ஒன்றை வீழ்த்தி வெயில் விழவிட்டால், மண்ணில் கிடந்த விதை தானே முளைக்கும். மலைக்குடிகள் காத்திருந்து எடுத்தார்கள். மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறியதால் முதுவர் ஆனோம் என்பது அவர்கள் கதை. பேச்சில் தமிழ் வாசனை இன்னும் போகவில்லை.

அவர்களின் இடமலைக்குடி 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. 2020 ஆகஸ்ட் 6 இரவு நிலச்சரிவில் எழுபது பேரைப் பறிகொடுத்த பெட்டிமுடிதான் அதற்கு வாசல். அதற்கப்பால் நெடுங்காலம் நடைதான்; ஏலக்காய் தலைச்சுமையாக வெளியே வரும், அரிசி தலைச்சுமையாக உள்ளே போகும். வனத்துறை அனுமதியில்லாமல் வெளியாள் போக முடியாது, நானும் போகவில்லை. அங்கே சின்னத்தம்பி என்பவர் மண்சுவர் டீக்கடைக்குள் நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் எழுதினார். சுமார் 160 புத்தகங்கள், கணக்குக்கு ஒரு நோட்டு. முதுவர்கள் விரும்பி எடுத்துப் போனவற்றில் மலையாளத்தில் வந்த சிலப்பதிகாரமும் உண்டு. மதுரையை விட்டு வந்ததாகச் சொல்லும் ஜனங்கள், மதுரை எரிந்த கதையை வேறு மொழியில் வாசித்திருக்கிறார்கள். ஏலக்காயை மறந்து நான் நெடுநேரம் அந்த நோட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். “போடியில் செடி இல்லீங்க. உடும்பன்சோலைன்னு சொல்லுங்க.” ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மறுவாரம் போனபோது, “போடி காய், முதல் தரம்” என்று யாருக்கோ நிறுத்துக்கொண்டிருந்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏலம் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகமாக இருந்த நாளில் மலைக் காயெல்லாம் ஆலப்புழைக் கிடங்குக்கு வந்துதான் விலையானது. இன்றும் அந்த மலைக் காய்க்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் புவிசார் குறியீட்டின் பெயர் ‘ஆலப்புழைப் பச்சை ஏலக்காய்’. ஆலப்புழை கடற்கரை ஊர்.