எழுதப்படாத கடன்



கடன் கொடுத்தாலும் வாங்கினாலும் அதனை எழுதி வைத்துக் கொள்ள வேண்டும் என்று கற்பிக்கும் மார்க்கம் நம்முடையது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தில் இதைப் பற்றியே பேசுகிறது. ஆண்டுதோறும் மதரஸாவில் அந்த வசனத்தை மாணவர்களுக்கு விளக்குகிறேன். ஆயினும் என் உம்மாவிடம் நான் பட்ட ஒரு கடனை எழுதி வைக்கத் தவறியவன் நான். கொல்லிமலையில் ஒரு மூதாட்டியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோதுதான் அது என் நெஞ்சில் உறைத்தது.

என் மனைவியின் அண்ணன் ராசிபுரத்தில் மிளகு வியாபாரம் செய்பவர். மிளகு பறிக்கும் பருவத்தில் கொள்முதலுக்காக அவர் மலையேறியபோது, மதரஸாவுக்கு இரண்டு நாள் விடுமுறை என்பதால் நானும் உடன் சென்றேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டை அடைந்தோம். கொல்லிமலை 14 நாடுகளாகப் பகுக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றான குண்டனி நாட்டில், மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தாரிடம் மச்சான் பல ஆண்டுகளாக மிளகு வாங்கி வருகிறார். நாங்கள் சென்றிருந்த வேளையில் மழை பிடித்துக் கொண்டது. அந்த வீட்டு மூதாட்டி எங்களைச் சாப்பிடாமல் போகவிடவில்லை.

"கறி எதுவும் போடலீங்க பாய். சாமைச் சோறும் அவரைக் குழம்பும்தான். தயங்காமச் சாப்பிடுங்க" என்றார். நம் உணவு முறையை அறிந்து, கேளாமலே பேணிய அந்தப் பண்பை எண்ணி மனம் நெகிழ்ந்தது. குழம்பின் சுவையோ நாவை விட்டு அகலவில்லை. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"இதுல சொல்றதுக்கு என்னங்க பாய் இருக்கு? கண்ணால பாத்துப் போடறதுதான். எம் பேத்திக்கு இதெல்லாம் தெரியாதுங்க. ரேஷன் அரிசிதான் ஆக்குவா. எனக்கப்புறம் இந்தக் குழம்பு யாருக்கு வேணும்?"

அந்தப் பேத்தியைக் குறை கூறுவதற்கில்லை. சாமையின் உமி எளிதில் நீங்குவதன்று. உரலில் இட்டு மீண்டும் மீண்டும் குத்திப் புடைக்க வேண்டும். அந்தப் பாடு முழுவதும் பெண்களின் தோளில் விழுந்தது. ஒருபுறம் நியாயவிலைக் கடை அரிசி வந்தது. மறுபுறம் ஜவ்வரிசி ஆலைகளுக்காகப் பயிரிடப்படும் மரவள்ளி சாமை வயல்களைப் பிடித்துக் கொண்டது. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் பணியாற்றி, உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்தது. பெண்கள் குழுக்கள் சிறுதானியங்களை விற்கவும் வழி செய்தது. கட்டவெட்டிச் சாமை, செந்தினை, மூக்கன் தினை என்னும் பெயர்கள் ஆய்வேடுகளில் பதிவாயின. விதையின் பெயர் ஏட்டில் ஏறிவிட்டது. அதை ஆக்கும் பக்குவமோ அந்த மூதாட்டியின் கண்ணிலும் கையிலும் மட்டுமே தங்கியிருக்கிறது.

மலையிலிருந்து இறங்கும்போது என் உம்மாவின் நினைவே மேலிட்டது. நாங்கள் கீழக்கரைப் பக்கத்தவர்கள். உம்மா மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர்களுடைய தகரப் பெட்டியில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கிடைத்தது. அது முழுவதும் அரபுத் தமிழில் எழுதப்பட்டிருந்தது. தமிழ் மொழியை, புள்ளிகள் கூட்டிய அரபு எழுத்தில் எழுதும் அந்தப் பழைய முறையில்தான் உம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். முதற் சில பக்கங்களில் துஆக்கள் இருந்தன. பின்னர்த் தாளிச்சா, வட்டலப்பம், தொதல், நோன்புக் கஞ்சி என்று பக்குவங்கள் தொடர்ந்தன. என் மனைவி ராசிபுரத்து ராவுத்தர் குடும்பத்தில் பிறந்தவர். கடலோரத்துச் சமையலை அறியாதவர். "எழுத்து எனக்குப் புரியவில்லை, நீங்கள் படித்துச் சொன்னால் நான் செய்து பார்ப்பேனே" என்று பலமுறை கேட்டார். நேரமில்லை என்றே நான் தட்டிக் கழித்து வந்தேன். கல்லூரியில் பட்டம் பெற்றேன். மதரஸாவில் கிதாபுகள் ஓதினேன். ஆனால் என்னை ஊட்டி வளர்த்த கைக்கு உரியவர் எழுதிய ஒரே நூலைப் பிரித்துப் பார்க்க எனக்கு மூன்றாண்டுகள் வேண்டியிருந்தன!

இந்த இடத்தில் மற்றொரு நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பணிபுரியும் என் சகோதரியின் மகன், சென்ற முறை ஊருக்கு வந்தபோது ஒரு சமையல் நூலைக் கொடுத்துச் சென்றான். 'குக்கிங் அப் எ ஸ்டார்ம்' என்பது அதன் பெயர். 2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் கத்ரினா புயல் தாக்கியபோது லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. வீட்டோடு சேர்ந்து, பெண்கள் பல்லாண்டுகளாகக் கத்தரித்தும் எழுதியும் வைத்திருந்த சமையற் குறிப்புகளும் அழிந்தன. வீடு திரும்பியவர்கள் உள்ளூர் நாளிதழான 'டைம்ஸ் பிக்காயூன்' அலுவலகத்துக்கு எழுதினார்கள்: "இன்ன பண்டத்தின் குறிப்பு தொலைந்துவிட்டது, யாரிடமாவது இருக்கிறதா?" இருந்தவர்கள் அனுப்பினார்கள், இதழ் வெளியிட்டது. இவ்வாறு தொலைந்து கிடைத்த குறிப்புகளே 2008இல் நூலாயின. வீடிழந்தவர்கள் சமையற் குறிப்பைத் தேடியது ஏன்? சுவரை மீண்டும் எழுப்பிவிடலாம்; தாயின் கைப்பக்குவத்தை எந்தக் கொத்தனாரும் கட்டித்தர முடியாது அல்லவா?

அந்த மாநிலத்துச் சமையலே பல இனத்தாரின் கலப்பில் பிறந்தது. நகரத்தில் வளர்ந்ததைக் கிரியோல் என்றும், நாட்டுப்புறத்தில் வளர்ந்ததைக் கேஜன் என்றும் பொதுவாகக் கூறுவர். கேஜன் மக்களின் முன்னோர், கனடாவின் அகாடியாப் பகுதியிலிருந்து 1755 முதல் ஆங்கிலேயரால் விரட்டப்பட்ட பிரெஞ்சு மொழியினர். லூசியானாவின் சதுப்பு நிலங்களில் ஒதுங்கிக் குடியேறியவர்கள். அவர்கள் பெரிதும் போற்றும் 'கம்போ' என்னும் குழம்பை எடுத்துக் கொள்ளுங்கள். அந்தப் பெயர் வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. மாவைக் கொழுப்பில் சிவக்க வறுத்துச் சேர்ப்பது பிரெஞ்சு முறை. அதைக் கெட்டியாக்கத் தூவும் சாசஃப்ராஸ் இலைப்பொடி சாக்டா என்னும் செவ்விந்தியப் பழங்குடியினர் தந்தது. அடிமைப்பட்டோர், நாடு கடத்தப்பட்டோர், மண்ணின் மைந்தர் ஆகிய மூவரும் ஒரே சட்டியில் கூடியிருக்கிறார்கள். அந்நூல்களில் உள்ள பண்டங்கள் பலவற்றில் நமக்கு ஆகாத இறைச்சியும் மதுவும் கலந்துள்ளன. சமைப்பதற்காக நான் அவற்றைப் படிக்கவில்லை. ஒரு சமூகம் தன் அடுப்படியை எப்படி நினைவில் வைக்கிறது என்பதை அறியவே படித்தேன்.

நியூ ஆர்லியன்ஸ் சமையலைப் பற்றி 1885ஆம் ஆண்டிலேயே இரு நூல்கள் வெளிவந்துவிட்டன. அவற்றுள் ஒன்றைத் தொகுத்தவர் லஃப்காடியோ ஹெர்ன் என்னும் பத்திரிகையாளர். ஆனால் அந்நகரத்துச் செல்வர்களின் அடுப்பருகே உண்மையில் நின்றவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். தாம் சமைத்ததைத் தம் பெயரில் எழுத அவர்கள் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. லீனா ரிச்சர்ட் என்னும் கறுப்பினப் பெண்மணி 1939இல் தம் சமையல் நூலைத் தாமே வெளியிட்டார். உழைத்த கையே எழுதிய அந்த நூலுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

நம் பக்கம் திரும்புவோம். எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டார். புதுக்குடித்தனம் சென்ற எத்தனையோ மணப்பெண்களுக்கு அது தாயின் இடத்தில் நின்று உதவியது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் தமிழரும் கலந்து வளர்த்த கிரியோல் சமையலும் ஆங்கில நூலாகிவிட்டது. மலபார் முஸ்லிம்களின் சமையலை உம்மி அப்துல்லாவும், ராவுத்தர் வீட்டுச் சமையலை ஹஸீனா சையதும் நூல்களாக்கியுள்ளனர். இவை மகிழ்ச்சிக்குரிய தொடக்கங்கள்.

சமையலை எழுதுவது நம் மரபுக்குப் புதிதன்று. பக்தாதில் 10ஆம் நூற்றாண்டிலேயே இப்னு சய்யார் அல்வர்ராக் ஒரு பெரிய சமையல் நூலைத் தொகுத்தார். 1226இல் முஹம்மது அல்பக்தாதி மற்றொன்றை எழுதினார். அரண்மனைப் பண்டங்களுக்கு அன்றே ஏடு கிடைத்தது. நம் கடலோர வீடுகளின் பண்டங்களுக்கு எத்தனை ஏடுகள் உண்டு? தொதல் என்னும் பெயரே மலாய் நாட்டின் 'டொடோல்' ஆகும். நம் பாட்டன்மார் கப்பலேறிச் சென்று வந்த வரலாற்றை அந்த ஒரு சொல் தாங்கி நிற்கிறது. கப்பற் கணக்கை ஆண்கள் எழுதினார்கள். கப்பலில் வந்த சுவையைப் பெண்கள் மனத்தில் வைத்தார்கள். அவர்கள் மறையும்போது அதுவும் கூடவே மறைகிறது.

குண்டனி நாட்டிலிருந்து திரும்பிய மறுவாரம் உம்மாவின் நோட்டுடன் அடுப்படியில் உட்கார்ந்தேன். நான் படிக்க, கல்லூரியில் பயிலும் என் மகள் தமிழில் எழுத, மனைவி சமைக்க ஆரம்பித்தார். எடுத்துக் கொண்டது தொதல். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி ஆகியவற்றின் அளவு படிக்கணக்கில் இருந்தது. ஆனால், எவ்வளவு நேரம் கிண்டுவது? அங்கே உம்மா எழுதியிருந்தது இதுதான்: "ஐந்து யாஸீன் ஓதி முடியும்வரை கை எடுக்காமல் கிண்டவும்."

நான் ஓதினேன், மனைவி கிண்டினார். ஐந்து முறை முடிந்த பின்னும் தொதல் கூழாகவே இருந்தது. நோட்டில் தவறு என்று எண்ணினேன். மகள்தான் மெல்லச் சொன்னாள்: "அத்தா, பாட்டியம்மா இவ்வளவு வேகமாக ஓதமாட்டார்களே!"

எனக்குச் சுருக்கென்றது. நான் ஹிஃப்ளு மாணவர்களிடம் பாடம் கேட்டுப் பழகியவன். விரைந்து ஓதுவது எனக்கு இயல்பாகிவிட்டது. உம்மாவோ ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி ஓதுவார்கள். சிறு வயதில் அவர்கள் மடியருகே அமர்ந்து ஓதக் கற்றவள் என் மகள். மறுநாள் அவள் ஓதினாள். அதே நிறுத்தம், அதே இழுப்பு. கண்ணை மூடிக் கொண்டால் உம்மாவே ஓதுவது போலிருந்தது. ஐந்தாவது யாஸீன் முடிந்தபோது தொதல் சட்டியின் ஓரத்தை விட்டு எண்ணெய் பிரிந்து திரண்டிருந்தது. நாங்கள் மூவரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மகள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நோட்டில் குறித்துக் கொண்டாள்: ஒரு மணி 25 நிமிடம். அதன் கீழே பாட்டியின் வாசகத்தையும் மாற்றாமல் எழுதினாள்.

குழம்பு வைக்கும்போது தண்ணீரைச் சற்றுக் கூட்டி, அண்டை வீட்டாரையும் கவனித்துக் கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். பண்டத்தைப் பகிர்வது போலவே பக்குவத்தைப் பகிர்வதும் நன்மைதானே! கொஞ்சம் தொதலைக் கட்டி எடுத்துக் கொண்டு, மனைவியையும் மகளையும் அழைத்துக் கொண்டு மீண்டும் குண்டனி நாட்டுக்குப் போனேன். மூதாட்டி அவரைக் குழம்பைச் செய்து காட்டினார். அவர் கையில் அள்ளியதை எல்லாம் என் மனைவி உடனுக்குடன் படியிலும் கரண்டியிலும் அளந்து சொல்ல, மகள் எழுதினாள். பெயர் எழுதும் இடத்தில் அந்த மூதாட்டியின் பெயரையே எழுதினாள். ஒரு பிரதியைப் பேத்தியிடம் கொடுத்தபோது, அவள் அதைத் தன் பள்ளிச் சான்றிதழ்கள் இருந்த பையில் பத்திரப்படுத்தினாள்.

வாசகர்களே! உங்கள் வீட்டில் உம்மாவோ, பாட்டியம்மாவோ, மாமியாரோ இருந்தால் இன்றே ஒரு நோட்டை எடுங்கள். ஆண்களே, இது பெண்களின் வேலை என்று ஒதுங்காதீர்கள். தின்றவர்கள் நாம், கடனாளிகளும் நாமே. அவர்கள் "கொஞ்சம்" என்று சொன்னால் அந்தக் கொஞ்சத்தை அளந்து பாருங்கள். அவர்கள் பெயரை மேலே எழுதுங்கள். நான் மூன்று ஆண்டுகள் தாமதித்தேன். கேட்க வேண்டியவை இன்னும் எத்தனையோ இருந்தன. பதில் சொல்ல உம்மா இல்லை. அல்லாஹ் அவர்களுடைய மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.